பன்னிரண்டாவது நன்றி

ஜமாலியா,
திருகோணமலை.
செப்டம்பர் 14

சாச்சி, முதலில் உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். இந்தக் கடிதத்தை ஒருவருக்கும் காட்டவேண்டாம். உம்மா கேட்டாலும் வேண்டாம். றுவைஸ் சாச்சாவுக்கு நிச்சயமாக வேண்டாம். வாசித்து முடித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் எல்லோரும் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா என்று உம்மா ஒவ்வொரு நாளும் கேட்கிறார். சாச்சா வெள்ளிக்கிழமை கொண்டுவந்த பாரை மீனை இரண்டு நாள் வைத்துச் சாப்பிட்டோம். அதற்கு நன்றி.

எல்லோரும் படுத்த பிறகு குசினியில், சின்ன டோர்ச்சை அரிசி வாளியின் மேல் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். காலையில் பள்ளிக்குப் போகும் வழியில் புல்மோட்டை பஸ் கொண்டக்டர் இன்பாஸ் நானாவிடம் கொடுத்துவிடுவேன். இனிமேல் போனில் ஒன்றும் கதைக்கக்கூடாது என்று வாப்பா சொல்லிவிட்டார். அதற்குக் காரணம் நான்தான்.

புதன்கிழமை எங்கள் பள்ளியில் புதிய விஞ்ஞான ஆய்வுகூடம் திறந்தார்கள். கட்டித் தந்தது ஒரு பெரிய நாடு. நாடுகளின் பெயரை எழுத எனக்குப் பயமாக இருக்கிறது. அவர்களின் போர்க்கப்பல்கள் சாம்பல் நிறம். அடிக்கடி எங்கள் துறைமுகத்துக்கு வந்து போகும். அதனால் சாம்பல் நாடு என்று எழுதுகிறேன். பள்ளி வாசலுக்கு வலப்பக்கம் இருக்கும் தண்ணீர்த் தாங்கி வேறொரு பெரிய நாடு தந்தது. அதை வெள்ளை நாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். சாம்பல் நாட்டுக்காரர் வரும் நாளில் அதிபர் சரீப் சேர் தாங்கியின் பெயர்ப்பலகைக்கு முன்னால் குரோட்டன் பூச்சாடிகளை அடுக்குவிப்பார். வெள்ளை நாட்டுக்காரர் வந்தால் அதே சாடிகள் இடப்பக்கம் ஆய்வுகூடப் பலகைக்கு முன்னால் போகும். தூக்குவது எங்கள் வகுப்புத்தான்.

நன்றியுரை சொல்ல என்னைத் தெரிவு செய்திருந்தார்கள். அதிபர் தந்த பட்டியலில் பதினொரு பெயர்கள். யார் முதல், யார் பிறகு என்று நான்கு தடவை மாற்றி எழுதினார். "கடைசியில ஒரு வசனம் உன்ர மனசில இருந்து சொல்லு பிள்ளை, அதுதான் அழகு" என்று மெலனி டீச்சர் சொன்னார்.

என் மனதில் இருந்தது வாப்பாதான். ஜூன் மாதம் நடந்தது உங்களுக்குத் தெரிந்த கதை. ஆனால் எனக்கு எவ்வளவு தெரிந்திருந்தது என்று நீங்கள் அறியவேண்டும். வாப்பாவும் சாச்சாவும் போன படகின் என்ஜின் பழுதாகி ஒன்பது நாள் கடலில் மிதந்தார்கள். ஒரு வெளிநாட்டுக் கப்பல் தண்ணீரும் சோறும் கொடுத்து, என்ஜினையும் திருத்தி, பீப்பாய் போன்ற நீல நிறப் பரல் ஒன்றில் டீசலும் கொடுத்து அனுப்பியது. "வெளிநாட்டுக் கப்பல்" என்றுதான் வாப்பா சொன்னார், எந்த நாடு என்று சொல்லவில்லை. இங்கே வந்து போகும் வெளிநாட்டுக் கப்பலெல்லாம் சாம்பல் நாட்டுடையது. ஆகவே அதுவும் அவர்களுடையது என்று நானே நினைத்துக்கொண்டேன்.

பதினொரு பெயரும் முடிந்தபிறகு பன்னிரண்டாவதாக அவர்களின் மாலுமிகளுக்கு நன்றி சொன்னேன். என் வாப்பாவை எனக்குத் திருப்பித் தந்தீர்கள் என்று சொன்னேன். அழுதும்விட்டேன். எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு அவர்களில் ஒரு அதிகாரி மொழிபெயர்ப்பாளரோடு வந்து மிக அன்பாகக் கேட்டார், எந்த மாதம், எந்தத் திசை, கப்பல் என்ன நிறம் என்று. நான் பெருமையோடு சொன்னேன். வெள்ளைக் கப்பல், ஆஸ்பத்திரி மாதிரி. பின்பக்கத்தில் ஊஞ்சல் கட்டுவதற்குப் போல ஒரு பெரிய இரும்புச் சட்டம். பரலில் இன்னின்ன மாதிரி எழுத்து. அவர் எல்லாவற்றையும் எழுதினார். எனக்கு ஒரு தொப்பி தந்தார்.

வீட்டில் வந்து சொன்னபோது வாப்பா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"வெள்ளையெண்டு சொன்னியா?"

"ஓம் வாப்பா."

"பரலையும் சொன்னியா?"

அவர் எழும்பினார். படகுக்கு அடித்து மிஞ்சிய பச்சைப் பெயின்டை எடுத்து, மாலை மக்ரிப் தொழுகைக்கு முன் பரல் முழுக்கப் பூசிவிட்டார். உம்மாதான் எனக்கு விளங்கப்படுத்தினார். அது வெள்ளை நாட்டின் ஆராய்ச்சிக் கப்பலாம். அந்த மாதிரிக் கப்பல்கள் இந்த வருடம் எங்கள் கடலுக்குள் வராது என்று எங்கள் அரசாங்கம் சாம்பல் நாட்டுக்கு வாக்குக் கொடுத்திருந்ததாம். வாப்பாவும் சாச்சாவும் ஒருவருக்கும் சொல்வதில்லை என்று கடலிலேயே பேசிக்கொண்டார்களாம். தண்ணீர் தந்தவர்களை வம்பில் மாட்டிவிடக் கூடாது என்று. நான் மாட்டிவிட்டேன்.

எனக்கு ஏசுங்கள் சாச்சி, ஆனால் எழுதுங்கள்.

உங்கள் அன்புள்ள,
அசனா


புல்மோட்டை
செப்டம்பர் 21

அன்பு மகள் அசனாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். அல்ஹம்துலில்லாஹ், நாங்கள் சுகம். முழங்கால் அப்படியே இருக்கிறது. எண்ணெய் பூசினால் நடக்கிறேன், பூசாவிட்டால் கத்துகிறேன். உன் படிப்பு எப்படி? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

ஏசுவதற்கு ஒன்றுமில்லை. நீ பொய் சொல்லவில்லை. உன் வாப்பா உயிரோடு வந்ததற்கு நீ நன்றி சொன்னாய். அந்த ஒன்பது நாளும் உன் உம்மாவும் நானும் ஒரே பாயில் உட்கார்ந்திருந்தது எனக்கு மறக்காது. அந்தக் கப்பல்காரருக்கு நானும் ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன். சத்தமில்லாமல் கேட்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

உன் கடிதத்தை எரிக்க மனம் வரவில்லை. அரிசி வாளிக்கு அடியில் வைத்திருக்கிறேன். சாச்சா அந்தப் பக்கம் எட்டிப்பார்க்கிற ஆள் இல்லை.

சாச்சாவின் புதினம் கேள். முன்கதவின் கீழ்ப்பலகை திரும்பவும் உடைந்துவிட்டது. இரண்டு கையிலும் மீனைத் தூக்கிக்கொண்டு வந்து காலால்தான் கதவைத் தட்டுகிறார். "கை சும்மா இருக்கிற நாளிலயாவது கையால தட்டுங்களேன்" என்று கேட்டேன். "வெறுங்கையோட வாறவன்தான் மேல தட்டுவான்" என்கிறார். உங்கள் வீட்டுக் கதவையும் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பரலின் பெயின்ட் நன்றாகக் காய்ந்துவிட்டதா? வாப்பாவிடம் கேட்டு எழுது.

அன்புடன் சாச்சி
பஹ்மியா


ஜமாலியா
அக்டோபர் 3

அன்புள்ள சாச்சிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கடிதத்தை ஒன்பது தடவை வாசித்தேன். ஏசாமல் விட்டதற்கு நன்றி. உம்மாவுக்குத் தலையிடி. மற்றவர்கள் சுகம்.

பெயின்ட் காய்ந்துதான் இருந்தது. ஆனால் நகத்தால் சுரண்டினால் பெயின்ட் உரியும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. திங்கட்கிழமை சாதாரண உடுப்பில் எங்கள் அரசாங்கத்தின் இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். ஒருவருக்குத் தமிழ் தெரியும். வாசலில் பரலைக் கண்டதும் குந்தியிருந்து, பெருவிரல் நகத்தால் மெதுவாகச் சுரண்டினார். உள்ளே இருந்த எழுத்துத் தெரிந்தது. வாப்பாவின் போனை எடுத்துக்கொண்டார்கள். விசாரணை முடியும்வரை படகைக் கடலில் இறக்கக் கூடாது என்று சொன்னார்கள். மரியாதையாகத்தான் கதைத்தார்கள். உம்மா போட்ட தேத்தண்ணியையும் குடித்தார்கள்.

இருபதாம் திகதி வாப்பா பட்டணத்தில் உள்ள அலுவலகத்துக்குப் போய் ஒரு வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடவேண்டும். "கண்டேன்" என்று போடவேண்டும், அல்லது "காணவில்லை" என்று போடவேண்டும். கண்டேன் என்றால் சாம்பல் நாடு எங்கள் அரசாங்கத்திடம் கணக்குக் கேட்கும். காணவில்லை என்றால் நான் பொய் சொன்னவள், வாப்பாவின் வாசலில் நிற்கும் பரலும் பொய். சாம்பல் நாட்டுப் பத்திரிகை ஒன்றில் "மீனவரின் மகள்" என்று வந்திருக்கிறதாம். அப்படி ஒரு கப்பல் அங்கே இருக்கவே இல்லை என்று வெள்ளை நாட்டின் தூதரகம் மறுத்திருக்கிறதாம். "ஆராய்கிறோம்" என்று எங்கள் அரசாங்கம் சொல்கிறது.

அன்று பின்னேரம் மீனவர் சங்கத் தலைவர் ஜவ்பர் மாமா வாப்பாவைத் தேடி வந்தார். வெள்ளை நாடு சங்கத்துக்கு நாற்பது என்ஜின் தர இருக்கிறது.

"தாஹிர், நீ ஒண்டையும் காணேல்ல. கடல்ல வெயில் கண்ணைக் கூசுற நேரம். விளங்குதா? நாப்பது குடும்பம் பாத்துக்கொண்டிருக்கு."

அவர் போன சூடு ஆறமுன்னம் அதிபர் சரீப் சேர் வந்தார். சாம்பல் நாடு இரண்டாம் மாடி கட்டித் தர இருக்கிறது.

"தாஹிர், பிள்ளை மேடையில சொன்னதை வாப்பா இல்லையெண்டு சொன்னா, பிள்ளைக்கும் பள்ளிக்கும் எவ்வளவு அவமானம்."

இரண்டு பேரும் போனபிறகு நான் வாப்பாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் என் தலையில் கை வைத்தார். "கண்டேன் எண்டது உண்மைதான் மகள். ஆனா தண்ணி தந்தவனைக் காட்டிக்குடுக்கிற உண்மை. நான் எதில கையெழுத்து வைக்கிற?" என்றார்.

பள்ளியில் என் வகுப்பு பஸ்மியா என்னைக் காணும்போதெல்லாம் "வெளிநாட்டு அமைச்சர் வாறாங்க, வழி விடுங்க" என்று கதிரையை இழுத்துவிடுகிறாள். மற்றவர்கள் சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன். வீட்டுக்கு வந்துதான் அழுகிறேன்.

படகு மணலில் கிடக்கிறது. வாப்பா ஒவ்வொரு நாளும் போய் பலகை வெடிக்காமல் இருக்க அதன் மேல் தண்ணீர் ஊற்றிவிட்டு வருகிறார்.

உங்கள் அசனா


புல்மோட்டை
அக்டோபர் 12

அன்பு மகளுக்கு,

ஸலாம். நாங்கள் சுகம். உம்மாவின் தலையிடிக்கு இஞ்சியைச் சுட்டுப் பற்றுப்போடச் சொல்.

உன்னிடம் ஒரு மன்னிப்பு. சாச்சா கடிதங்களை வாசித்துவிட்டார். இரண்டாவது வந்த நாளில் என் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டு, வாளியைத் தூக்கிப் பார்த்திருக்கிறார். "எத்தனையாம் திகதி தாஹிர் மச்சான் போகவேணும்?" என்று மட்டும் கேட்டார். பிறகு பெருநாளுக்கு வாங்கிய சேட்டை எடுத்து இஸ்திரிக்கை போடச் சொன்னார்.

இருபதாம் திகதிக்கு முன் வாப்பா எதிலும் கையெழுத்து வைக்கவேண்டாம் என்று நீ எப்படியாவது சொல்லிவிடு.

வேறு ஒன்றும் இல்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

சாச்சி


ஜமாலியா
அக்டோபர் 22

அன்புள்ள சாச்சிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்ஹம்துலில்லாஹ் என்று நூறு தடவை எழுத வேண்டும் போல் இருக்கிறது.

வாப்பா இருபதாம் திகதி காலை போனார். பத்து மணிக்கே திரும்பி வந்துவிட்டார். "உங்கட வாக்குமூலம் இனித் தேவையில்லை, வீட்டுக்குப் போங்க" என்று சொன்னார்களாம். போனையும் திருப்பித் தந்துவிட்டார்கள். படகை மட்டும் இன்னும் விடவில்லை. நீங்கள் கேட்ட துஆதான் சாச்சி. அந்தப் பெருநாள் சேட்டுக்குக்கூட நான் நன்றி சொல்கிறேன். சாச்சா அதைப் போட்டுக்கொண்டு யாரையோ போய்ப் பார்த்துக் கதைத்திருப்பார் என்று நினைக்கிறேன். அவருக்கு எல்லா இடத்திலும் ஆட்களைத் தெரியும். அப்படித்தானே?

உம்மா இனிப்புக்குத் தொதல் கிண்டினார். இன்பாஸ் நானாவிடம் ஒரு பெட்டி கொடுத்திருக்கிறேன். பாதி அவருக்கு.

ஒன்று மட்டும் விளங்கவில்லை. வாப்பாவுக்குச் சந்தோஷமே இல்லை. அன்றிலிருந்து ஒழுங்காகச் சாப்பிடவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சாச்சா இந்த வெள்ளிக்கிழமை வரவில்லையே. அவரை வரச் சொல்லுங்கள். மீன் இல்லாமல் வந்தாலும் பரவாயில்லை, காலால் தட்டட்டும்.

உங்கள் அசனா


புல்மோட்டை
நவம்பர் 8

அன்பு மகளுக்கு,

ஸலாம். பதில் பிந்தியதற்குக் குறை நினைக்காதே. முழங்கால் கொஞ்சம் கூடிவிட்டது. பஸ்ஸில் தூரம் போனால் வீங்குகிறது. தொதல் நல்ல பதம். அதில் ஒரு துண்டை எடுத்து வைத்திருக்கிறேன், கொடுக்க வேண்டிய ஆளுக்குக் கொடுப்பேன்.

சாச்சா கடலுக்குப் போயிருக்கிறார்.

உங்கள் அலுமாரியில், நிக்காஹ் பத்திரங்களோடு, சாச்சாவின் அடையாள அட்டைப் பிரதி ஒன்றும் அவருடைய கிளினிக் கொப்பியும் இருக்கும். போன வருடம் பெரியாஸ்பத்திரிக்கு வந்தபோது அங்கேயே விட்டுவிட்டோம். எடுத்து இன்பாஸிடம் கொடுத்துவிடு. ஏதோ மானியம் தருகிறார்களாம், அதற்குக் கேட்கிறார்கள். சீனி வருத்தத்துக்கு அவர் போடும் குளிசையின் பெயர் அந்தக் கொப்பியில் இருக்கிறதா என்றும் பார்.

வாப்பாவைச் சாப்பிடச் சொல்.

சாச்சி


ஜமாலியா
நவம்பர் 19

அன்புள்ள சாச்சிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அட்டைப் பிரதியும் கொப்பியும் இதோடு இருக்கின்றன. குளிசையின் பெயர் மூன்றாம் பக்கத்தில், சிவப்புக் கோடு போட்டிருக்கிறேன்.

இங்கே இரண்டு வாரமாக வாடைக்காற்று. ஒரு படகும் இறங்கவில்லை. எல்லாவற்றையும் தென்னைமரத்தடி வரைக்கும் இழுத்து ஏற்றிவிட்டார்கள். நிலாவெளியிலும் அப்படித்தான் என்று இன்பாஸ் நானா சொன்னார். புல்மோட்டையிலும் அப்படித்தானாம்.

சாச்சி, சாச்சா எந்தக் கடலுக்குப் போயிருக்கிறார்?

இன்பாஸ் நானாவிடமும் கேட்டேன். அவர் டிக்கெட் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே நின்றார். நான் விடவில்லை. "உங்கட சாச்சி ஒவ்வொரு செவ்வாயும் கொழும்பு பஸ் ஏறுறா பிள்ளை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்" என்றார்.

பிறகு வாப்பாவைக் கேட்டேன். படகுக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டேன். அவர் எனக்கு எல்லாம் சொல்லிவிட்டார். போன மாதம் பத்தொன்பதாம் திகதி சாச்சா தானாகவே அந்த அலுவலகத்துக்குப் போயிருக்கிறார். "படகு ஓட்டினது நான். தாஹிர் மச்சான் காய்ச்சலில நினைவில்லாமக் கிடந்தவர். அவர் ஒண்டையும் காணேல்ல. பிள்ளைக்குத் தெரிஞ்சதெல்லாம் நான் சொன்ன கதை" என்று எழுதிக் கையெழுத்து வைத்திருக்கிறார்.

"நான் முழிச்சுத்தான் இருந்தனான் மகள். முதல் போத்தல் தண்ணியை அவர் எனக்குத்தான் தந்தவர்" என்று வாப்பா சொன்னார். "நானும் போய்ச் சொன்னா, ரெண்டு பேரையும் வச்சுக்கொள்ளுவாங்க. ரெண்டு வீட்டையும் ஆர் பாக்கிற எண்டு றுவைஸ் சொல்லி அனுப்பினவர்."

அந்த ஊஞ்சல் சட்டக் கதையை எனக்குச் சொன்னது வாப்பாதான். சாச்சா அல்ல. சாச்சா என்னிடம் கடலைப் பற்றி ஒன்றுமே சொன்னதில்லை.

நீங்கள் எழுதிய ஒவ்வொரு கடிதத்தையும் திரும்ப வாசிக்கிறேன். இஸ்திரிக்கை போட்ட சேட்டு. தூரம் போனால் வீங்குகிற முழங்கால். எடுத்து வைத்த தொதல். நீங்கள் பொய் சொன்னது எனக்காக என்று தெரியும். அதற்கும் நன்றி சொல்ல வேண்டியிருக்கிறதே, எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

நேற்றுக் குடியியல் பாடத்தில் மெலனி டீச்சர் வலுச்சமநிலை படிப்பித்தார். இரண்டு பெரிய நாடுகள் இரண்டு பக்கமும் இழுக்கும்போது நடுவில் இருக்கிற சிறிய நாடு எந்தப் பக்கமும் விழாமல் நிற்பதாம். படம் கீறிக் காட்டினார். நடுவில் ஒரு சின்னப் புள்ளி. அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சாச்சா அதற்குள் உட்கார்ந்திருந்தார்.

காலையில் இருந்து எனக்குக் குரல் வரவில்லை. காற்று மட்டும் வருகிறது.

அசனா


புல்மோட்டை
நவம்பர் 27

என் தங்க மகளுக்கு,

ஸலாம். குரல் வந்துவிட்டதா? கொத்தமல்லி அவித்துக் குடி.

இனி மறைக்க ஒன்றுமில்லை. சாச்சா கொழும்பில் இருக்கிறார். அடிக்கவில்லை, ஏசவில்லை. குளிசை கொடுக்கிறார்கள், நீ கோடு போட்டு அனுப்பியது உதவியது. செவ்வாய்க்கிழமைகளில் கால் மணித்தியாலம் பார்க்க விடுகிறார்கள். அவர்கள் கேட்பது ஒரே கேள்வி. எந்த நாட்டுக் கப்பல்? அவர் சொல்வது ஒரே பதில். "ஒன்பது நாள் தண்ணி இல்லாமக் கிடந்தவன் போத்தலைத்தான் பாப்பான். கொடியைப் பாக்கமாட்டான்." ஒரு நாட்டின் பெயரைச் சொன்னால் அன்றைக்கே வீட்டுக்கு விடுவார்களாம். எந்த நாடு என்றாலும் யாரோ ஒருவருக்கு வசதி. அவர் சொல்லவில்லை.

உனக்குத் தெரியக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். நீ உன்னையே குறை சொல்வாய் என்று பயம். தெரிந்துவிட்டது என்று போன செவ்வாய் சொன்னேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "பிள்ளை சொன்ன நன்றி சரியான நன்றி. விலாசம்தான் மாறிப்போச்சு எண்டு சொல்லு."

தொதல் துண்டைக் கொடுத்தேன். கல்லாகிவிட்டிருந்தது. அதையும் கடித்துச் சாப்பிட்டார்.

நீ ஒன்றும் செய்யவேண்டாம். பயப்படவும் வேண்டாம். படி.

உன் சாச்சி


ஜமாலியா
டிசம்பர் 5

அன்புள்ள சாச்சிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். முழங்காலும் சுகமாக இருக்க வேண்டும்.

ஒன்றும் செய்யவேண்டாம் என்று எழுதினீர்கள். அதற்கு முன்பே செய்துவிட்டேன். இதையும் ஒருவருக்கும் காட்டவேண்டாம்.

வெள்ளை நாட்டின் நாற்பது என்ஜினும் வந்துவிட்டன. நாளைக் காலை எங்கள் பள்ளி மண்டபத்தில் சங்கத்துக்குக் கொடுக்கிறார்கள். நன்றியுரையை அதே பிள்ளைதான் சொல்லவேண்டும் என்று அவர்கள் கேட்டிருக்கிறார்கள். அதைக் கேள்விப்பட்ட சாம்பல் நாட்டுக்காரர் தாங்களும் வந்து உட்காரப் போகிறார்களாம். நான் யாருக்கு நன்றி சொல்கிறேன் என்று இரண்டு பேரும் கேட்கவேண்டுமாம். அதிபர் சேர் காலையில் இருந்து வாசலில் நிற்கிறார். "ரெண்டு பலகையையும் மறைக்கப் பூச்சாடி காணாது பிள்ளையள்" என்று எங்களிடமே சொன்னார்.

என் குரல் உண்மையாகவே அடைத்திருந்தது. நான்காம் நாள் விடியற்காலை சுபஹுக்கு ஓதும்போது திரும்பி வந்துவிட்டது. நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. ஆய்வுகூடம், தண்ணீர்த் தாங்கி, நாற்பது என்ஜின், இரண்டாம் மாடி. இவ்வளவையும் தருகிறவர்களுக்கு எங்களிடம் எடுக்க என்ன இருக்கிறது? மேடையில் ஏறிச் சொல்கிற நன்றி ஒன்றுதான். அது என் வாயில் இருந்தது.

ஒரு தாளில் எழுதி அதிபரிடம் நீட்டினேன். "றுவைஸ் சாச்சா முன்வரிசையில் இருந்தால் எனக்குக் குரல் வரும்." அவ்வளவுதான் எழுதினேன்.

ஏசுவார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அன்று பின்னேரம் எங்கள் வீட்டுக்கு வந்தார். கொஞ்ச நேரத்தில் ஜவ்பர் மாமாவும் வந்தார். இரண்டு மாதமாக ஒருவரோடு ஒருவர் கதைக்காதவர்கள் எங்கள் இரண்டு கதிரையிலும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். நான் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"உங்கட மாடிக்காகப் பிள்ளையைச் சாட்சியாக்கினீங்க" என்றார் ஜவ்பர் மாமா.

"நீங்க நாப்பது என்ஜினுக்காகத் தாஹிரைக் குருடனாக்கப் பாத்தீங்க" என்றார் சேர்.

"சரி, தேத்தண்ணி ஆறுது" என்றார் வாப்பா.

பிறகு மூன்று பேரும் ஒரே கடிதத்தில் கையெழுத்து வைத்தார்கள். பள்ளியின் முத்திரையும் சங்கத்தின் முத்திரையும் ஒரே தாளில் இருப்பதை நான் முதல் தடவையாகக் கண்டேன். றுவைஸ் ஒரு மீன்பிடிகாரர், அவர் கண்டது தண்ணீர் மட்டும், நாளைய விழாவுக்கு அவர் வரவேண்டும், வராவிட்டால் விழாவில் நன்றியுரை இருக்காது என்று எழுதியிருந்தார்கள். நேற்று அதிபரும் ஜவ்பர் மாமாவும் ஒரே பஸ்ஸில் கொழும்புக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார்கள். "பாப்பம்" என்று சொன்னார்களாம். இன்று முழுவதும் ஒரு தகவலும் இல்லை. உங்களுக்கு ஏதும் தெரியுமா என்று கேட்கவும் வழியில்லை.

சாச்சி, எனக்கு நல்ல பயம். நாளைக்கு முன்வரிசைக் கதிரை வெறுமையாக இருந்தால் நான் மைக்குக்கு முன்னால் போய் நிற்பேன், ஆனால் வாய் திறக்கமாட்டேன். இரண்டு நாட்டுக்காரரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதற்குப் பிறகு வாப்பாவை என்ன செய்வார்கள், படகை என்ன செய்வார்கள், என்னைப் பள்ளியில் வைத்திருப்பார்களா என்று தெரியாது. உம்மாவுக்கு இதை நான் சொல்லவில்லை.

கதிரையில் ஆள் இருந்தால் பட்டியலில் இருக்கிற எல்லோருக்கும் சொல்வேன். என்ஜினுக்குச் சொல்வேன், தாங்கிக்குச் சொல்வேன், ஆய்வுகூடத்துக்கும் திரும்பச் சொல்வேன். நன்றி சொல்வதில் எனக்குக் கஞ்சத்தனம் இல்லை. உண்மையாகவே அந்த ஆய்வுகூடம் நல்லது. தாங்கித் தண்ணீரும் நல்லது. கடலில் தண்ணீர் தந்தவர்களுக்கு உங்களைப் போல் சத்தமில்லாமல் சொல்லிக்கொள்வேன்.

பன்னிரண்டாவதை மட்டும் இப்போதே எழுதி வைத்துவிட்டேன். இந்தத் தடவை விலாசத்தை இரண்டு தரம் சரிபார்த்தேன். அது இப்படித் தொடங்குகிறது:

"வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவருகிற ஒருவர் இருக்கிறார். முதல் போத்தல் தண்ணீரைத் தான் குடிக்காமல் என் வாப்பாவுக்குக் கொடுத்தவர். அவருக்கு நாடுகளின் கொடிகள் தெரியாது. அவர்"

யாரோ கதவைத் தட்டுகிறார்கள்.

வாப்பா எழும்பிவிட்டார். உம்மா எழும்பிவிட்டார். இந்த நேரத்தில் வருகிறவர்கள் அந்த அதிகாரிகள்தான். டோர்ச்சை அணைக்கவேண்டும், கடிதத்தை வாளிக்கு அடியில் வைக்கவேண்டும். திரும்பவும் தட்டுகிறார்கள்.

சாச்சி, கதவின் கீழ்ப்பலகையில் தட்டுகி